கையில காசு ஏன் தங்க மாட்டேங்குது? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வறுமை பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். லெட்டரும் வாட்ஸ்அப்புமா குவிஞ்சுடுச்சு. எல்லாத்துக்கும் இங்க இடமில்ல, நிறைய பேர் சுத்திச் சுத்திக் கேட்ட விஷயமா பார்த்து எடுத்திருக்கேன். பேர் போடாதீங்கன்னு பல பேர் கேட்டுக்கிட்டதால ஊர் மட்டும்தான் போட்டிருக்கு.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் கொத்தனார், நாளைக்கு 900 ரூபா கூலி. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. நானும் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைச்சுக் குடுக்கறேன். அப்படியும் கடன் வாங்காம ஒரு மாசம் ஓட்ட முடியல. 900 ரூபா வாங்கற வீட்டுல என்ன கஷ்டம்னு என் நாத்தனாரே கேக்கறாங்க. எங்க தப்பு நடக்குது? – ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: தப்பு உங்க மேல இல்லம்மா. 900ங்கறது ஒரு நாள் கூலி, அதை மாச சம்பளம் மாதிரி கணக்கு பண்ண முடியாது. போன ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் சேர்த்து 15 நாள்தான் வேலை நடந்துச்சுன்னு லெட்டரோட பின்பக்கம் நீங்களே எழுதியிருக்கீங்க. 15 நாளைக்கு 13,500, மாசத்துக்கு 6,750 வருது. வாடகை 3,500 போனா மீதி 3,250, அதுல நாலு பேர் சாப்பிடணும், பஸ்ஸுக்கு வேணும், புள்ளைக்கு காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உங்க நாத்தனார் 900ஐ 26 நாளால பெருக்கி 23,400ன்னு மனசுல வெச்சிருக்காங்க, அந்த மாதிரி முழுசா 26 நாள் வேலை கிடைக்கற மாசம் வருஷத்துல எத்தனை வருதுன்னு அவங்க பார்க்கல. வாடகை மட்டும் மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும் 5ஆம் தேதி வந்து நிக்கும்.

இந்த இடைவெளிலதான் கடன் உள்ள வருது. நீங்க அனுப்பின தண்டல் கார்டு போட்டோவை நல்லா பார்த்தேன். நூறு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து, மேல 10,000ன்னு எழுதியிருக்கு, ஆனா 1,500 புடிச்சுக்கிட்டு உங்க கைல குடுத்தது 8,500. தினம் 100 ரூபா, 100 நாள். 1,500தானே, 15 சதவீத வட்டின்னு நினைக்கத் தோணும், எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஆனா நீங்க மொத நாள்லேருந்தே அசலையும் சேர்த்து திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சுடறீங்க, 50ஆவது நாள் வரும்போது அவங்க பணத்துல பாதி சொச்சம்தான் உங்ககிட்ட இருக்கு. நாள் கணக்கா போட்டுப் பார்த்தா நூத்துக்கு ஒரு நாளைக்கு 33 பைசா வருது, அதாவது மாசம் கிட்டத்தட்ட 10 வட்டி, வருஷத்துக்கு 120 சதவீதம். அதே தெருவுல நாலு பவுன் கைல இருக்கறவங்க பேங்க்ல நகையை வெச்சு வருஷத்துக்கு 9, 10 சதவீதத்துல வாங்கிடறாங்க. ஒரே பணம், அவசரமும் ஒண்ணுதான், நீங்க குடுக்கற விலை பன்னெண்டு மடங்கு.

கடன்ல மட்டும்தான் இப்படின்னு இல்ல. 100 யூனிட் கரண்ட் இலவசம்னு சொல்றாங்களே, வரிசை வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அது எங்க வந்து சேருது? பல இடத்துல ஓனர் சப் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு 8 ரூபா 10 ரூபான்னு வாங்கறார். எண்ணெய் பாக்கெட்டா வாங்கினா ஒரு விலை, அன்னன்னிக்கு 20 ரூபாய்க்கு ஊத்தி வாங்கினா வேற விலை. கைல கொஞ்சம் முன்பணம் இருக்கறவங்களுக்குத்தான் எதுவும் மலிவா கிடைக்குது. வருமானம் கம்மியா இருக்கறது வறுமைல ஒரு பாதி, இருக்கற வருமானத்துல வாங்கற ஒவ்வொண்ணுக்கும் கூடுதலா குடுக்க வேண்டியிருக்கே அது இன்னொரு பாதி, இதை யாரும் கணக்குலயே எடுத்துக்கறதில்லன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

உடனே செய்ய வேண்டியது ஒண்ணு சொல்றேன். உங்க வீட்டுக்காரர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருக்காரான்னு நீங்க எழுதல. 1994லேருந்து இருக்கற வாரியம் அது, கட்டடச் செலவுல 1 சதவீதம் செஸ்ங்கற தனி வரியா அதுக்குத்தான் போகுது, அதாவது அவர் கட்டற ஒவ்வொரு வீட்டுலயும் அவருக்குன்னு ஒரு பங்கு எடுத்து வெச்சிருக்காங்க. புள்ளைங்க படிப்புக்கு, விபத்துக்கு, 60 வயசுக்கு மேல பென்ஷனுக்கு உதவி இருக்கு. பதியறதோட நிறுத்தாம அப்பப்ப புதுப்பிக்கவும் செய்யணும், அதை விட்டுட்டு உதவி கேக்கப் போய் ஏமாந்து வர்றவங்க நிறைய.

கேள்வி: ரேஷன் அரிசி இலவசம், பஸ் இலவசம், மாசம் 1,000 ரூபா வேற. இப்படியே குடுத்து ஜனங்களை சோம்பேறி ஆக்கிட்டாங்க. எங்க யூனிட்டுக்கு லோக்கல்ல ஆளே கிடைக்கல, எல்லாம் வடக்குலேருந்துதான் வர்றாங்க. வறுமைக்குக் காரணமே சோம்பேறித்தனம்தானே? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இல்லைங்க, இதுல உங்களோட எனக்கு துளிகூட உடன்பாடு இல்ல.

20 கிலோ அரிசி 2011 ஜூன்லேருந்து இலவசமா குடுக்கறாங்க. அதுக்கு முன்னாடியே ரூபாய்க்கு ஒரு கிலோவும் இருந்துச்சு. இதனால எல்லாரும் வேலையை விட்டுட்டு உக்காந்திருந்தா தமிழ்நாட்டுல தொழிற்சாலை ஓடியிருக்கக் கூடாது. நடந்தது என்ன? நாட்டுலயே அதிக ஃபேக்டரி இருக்கற மாநிலம் இது. இந்தியா முழுக்க ஃபேக்டரில வேலை செய்யற பொம்பளைங்கள்ல பத்துக்கு நாலு பேருக்கு மேல இங்க இருக்காங்க, உங்க ஊர் பனியன் கம்பெனிங்களும் அதுல ஒரு பெரிய பங்கு. பஸ் இலவசம் ஆனதால தினம் 40 ரூபா மிச்சமாகுது, பக்கத்து டவுனுக்கு வேலைக்குப் போலாம்னு கிளம்பற பொம்பளைங்களைக் கேட்டுப் பாருங்க.

லோக்கல் ஆள் வரலைன்னா அதுக்கு காரணம் நீங்க சொல்ற கூலியும் ஷிஃப்ட்டும் அவங்களுக்கு கட்டுப்படியாகலங்கறதுதான். வீட்டுல அரிசி இருக்கறவன் ரெண்டு நாள் யோசிச்சு நல்ல வேலையா தேடுவான், அடுப்புல உலை வைக்க வழியில்லாதவன் 12 மணி நேர வேலைக்கும் தலையாட்டிடுவான். வடக்குலேருந்து வர்றவங்க நம்ம ஆளுங்களை விட சுறுசுறுப்புன்னு சொல்றோமே, அவங்க ஊர் நிலைமையைப் பாருங்க. மத்திய அரசோட நிதி ஆயோக் 2023ல போட்ட கணக்குல பீகார்ல 33.76 சதவீதம் பேர் பல பரிமாண வறுமைல, அதாவது சத்துணவு, படிப்பு, வீட்டு வசதின்னு பல விஷயம் ஒண்ணா இல்லாத நிலைமைல இருக்காங்க. அவங்களுக்கு யோசிக்க ரெண்டு நாள் கிடையாது, அதான் விஷயம். ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து பத்து பேர் ஒரு ரூம்ல படுக்கறாங்க. நம்ம ஜனங்களும் அந்த நிலைமைக்குத் திரும்பப் போகணும்னு நீங்க ஆசைப்படறீங்கன்னு நான் நினைக்கல.

கேள்வி: நீங்க ஏழைங்களுக்கு சப்போர்ட் பண்ணி எழுதறீங்க சரி. ஆனா கடன்ல இருக்கறப்பவே காது குத்துக்கு மண்டபம் புடிக்கறாங்க, டியூ கட்டாம புது போன் வாங்கறாங்க. யோசிக்கத் தெரியாததாலதானே ஏழையாவே இருக்காங்க? – ஒரு வாசகர், சேலம்

பதில்: இதைப் பத்தி நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு, 2013ல வெளியாகி உலகம் முழுக்க பேசினாங்க. 54 கிராமத்துல 464 கரும்பு விவசாயிங்க. கரும்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பணம் வரும். மில்லு கட்டிங் ஆர்டர் குடுத்து, வெட்டி ஏத்தி, பில் போட்டு காசு கைக்கு வர்ற வரைக்கும் கடைசி ரெண்டு மூணு மாசம் இருக்கே, கரும்பு போட்டவங்களுக்குத் தெரியும் அந்த கஷ்டம். அறுவடைக்கு முன்னாடி நூத்துக்கு 78 பேர் எதையாவது அடகு வெச்சிருந்தாங்க, பணம் வந்தப்புறம் அது 4 பேரா குறைஞ்சுது. அதே ஆளுங்களுக்கு அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை யோசிக்கற திறமைக்கு டெஸ்ட் வெச்சாங்க. படிப்பு, வயசு எதுவும் மாறல, ஆனா பணத்தட்டுப்பாட்டுல இருந்தப்ப ரொம்ப கம்மியா மார்க் வாங்கினாங்க, கைல காசு வந்ததும் அதே ஆள் நல்லா செஞ்சார். ஒவ்வொரு ஊருக்கும் கட்டிங் வேற வேற மாசத்துல வர்றதால இது வெயில் காலம், பண்டிகைக் காலம்னால வந்த வித்தியாசம் இல்லன்னும் சரி பார்த்தாங்க.

யோசிக்கத் தெரியாததால ஏழையானாங்கன்னு நீங்க சொல்றீங்க. அங்க பார்த்தது தலைகீழா இருக்கு, காசு இல்லாத கவலையே யோசனையைத் தின்னுடுது. சாயங்காலம் தண்டல்காரன் வருவானே, ஸ்கூல் பீஸ் கடைசி தேதியாச்சேன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கறப்ப அடுத்த வருஷத்தைப் பத்தி திட்டம் போட இடம் எங்க இருக்கு?

காது குத்தும் அப்படித்தான், வெட்டிச் செலவுன்னு வெளியேருந்து சொல்லிடலாம். மொய் வாங்கியிருக்காங்க, திருப்பி செய்யணும், நாளைக்கு ஒரு அவசரம்னா பேங்க் கதவு திறக்காது, அந்த சொந்தக்காரங்கதான் வந்து நிப்பாங்க. பேங்க்ல மதிப்பு இல்லாதவங்களுக்கு சொந்தபந்தம்தான் இன்சூரன்ஸ், அதுக்கு கட்டற பிரீமியம் மாதிரிதான் அந்த மொய்.

கேள்வி: ஜனத்தொகை அதிகமா இருக்கறதுதானே வறுமைக்குக் காரணம்? இருக்கற சோத்தை இத்தனை பேர் பங்கு போட்டா எப்படி பத்தும்? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சோறு பத்தாம போனதால மட்டுமே பட்டினி வந்துடறதில்லைங்க. 1943 வங்காளப் பஞ்சத்துல இருபது முப்பது லட்சம் பேர் செத்தாங்க. அந்த வருஷம் இருந்த அரிசி 1941ஐ விட அதிகம்னு அமர்த்தியா சென் கணக்கு போட்டுக் காட்டினார், அவர் சின்னப் பையனா அந்தப் பஞ்சத்தை நேர்ல பார்த்தவர். யுத்தச் செலவுல விலை ஏறிப்போச்சு, கூலி ஏறல, நிலம் இல்லாத கூலிக்காரங்களும் மீன் புடிக்கறவங்களும்தான் மொதல்ல விழுந்தாங்க. அரிசி கடைல இருந்துச்சு, வாங்கற சக்திதான் இல்ல. குழந்தை விஷயத்துக்கு வந்தா, 2019-21 சர்வேலயே தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரியா 1.8 குழந்தைதான், பொண்ணுங்க படிச்சதும் பொறந்த குழந்தை சாகாம தங்கினதும் அதுக்கு முக்கிய காரணம். வறுமை கொறைஞ்சா குழந்தை எண்ணிக்கை தானா கொறையுது.

கேள்வி: தமிழ்நாட்டுல வறுமை 2.2 சதவீதம்தான்னு வகுப்புல சொன்னாங்க. எங்க ஊர்ல பார்க்கறதுக்கும் இந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கே, பொய்க் கணக்கா? – ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பொய் இல்லம்மா, நம்பர் சரிதான். அது எதை அளக்குதுன்னு பார்க்கணும். 2.20ங்கறது 2019-21 சர்வேயை வெச்சு நிதி ஆயோக் போட்ட பல பரிமாண வறுமைக் கணக்கு. சத்துணவு, பள்ளிக்கூடம், கழிவறை, கரண்ட், சமையல் கேஸ், பேங்க் அக்கவுண்ட்னு 12 விஷயம் பார்ப்பாங்க, அதுல மூணுல ஒரு பங்காவது இல்லாம இருந்தாத்தான் ஏழைன்னு சேர்ப்பாங்க. 2015-16ல 4.76 இருந்தது பாதிக்கும் கீழ வந்திருக்கு, இது பெருமைப்பட வேண்டிய விஷயம், ரேஷனும் சத்துணவும் ஆரம்ப சுகாதார நிலையமும் சும்மா வந்துடல. ஆனா விழுப்புரம் வாசகியோட கடுதாசியை இந்தக் கணக்குல போட்டுப் பாருங்க. வீட்டுல கரண்ட் இருக்கு, கேஸ் இருக்கு, அக்கவுண்ட் இருக்கு, புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது. அவங்க ஏழை இல்ல! தண்டல் கார்டுக்கு அந்த 12ல இடம் கிடையாது.

அதே 2019-21 சர்வேல இன்னொரு நம்பரும் இருக்கு, அதையும் வகுப்புல கேளுங்க. தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்கள்ல 25 சதவீதம் வயசுக்கேத்த உயரம் இல்ல. பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல, 53.4 சதவீதம், ரத்தசோகை. வயிறு நிறைய அரிசி இருக்கு, பருப்பும் முட்டையும் கீரையும் வாங்கறதுக்குத்தான் காசில்ல. குழந்தைல உயரம் கொறைஞ்சா படிப்பும் பின்னாடி கூலியும் சேர்ந்து கொறையுதுன்னு பல நாட்டு ஆராய்ச்சில வந்திருக்கு, அதாவது அம்மாவோட ரத்தசோகை அடுத்த தலைமுறையோட சம்பளத்துல வந்து நிக்குது. இதை நினைச்சா எனக்கு 2.2ல திருப்தி வர மாட்டேங்குது.

கேள்வி: நான் ஆசிரியை. எங்க ஸ்கூல்ல இருளர் வீட்டுப் புள்ளைங்க தை மாசம் வந்ததும் காணாம போயிடுவாங்க, சூளைக்குப் போயிட்டாங்கன்னு சொல்வாங்க. மழை ஆரம்பிக்கறப்ப திரும்ப வர்றாங்க, அதுக்குள்ள படிச்சதெல்லாம் மறந்துடுது. அப்பா அம்மாகிட்ட கேட்டா "அட்வான்ஸ் வாங்கிட்டோம் டீச்சர்"னு மட்டும் சொல்றாங்க. – ஒரு வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: டீச்சர், நீங்க இதைக் கவனிச்சு எழுதினதுக்கே நன்றி சொல்லணும்.

அந்த அட்வான்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னா, மழைக்காலத்துல வேலை இருக்காது, யாருக்காவது உடம்பு சரியில்லாம போகும், இல்ல ஒரு சாவு விழும், அப்ப மேஸ்திரி வந்து இருபதாயிரமோ முப்பதாயிரமோ குடுத்துட்டுப் போவார். பேப்பர் எதுவும் இருக்காது. சீசன் ஆரம்பிச்சதும் குடும்பத்தோட சூளைக்கு வந்து கல் அறுத்து கழிக்கணும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கூலி, அதுல வாரச் செலவுக்கு கொஞ்சம் குடுத்துட்டு மீதியை கடன்ல கழிக்கறதா சொல்வாங்க, நோட்டு அவங்க கைல. அறுத்த பச்சைக் கல்லு மழைல கரைஞ்சா நஷ்டம் இவங்க தலைல. விடியறதுக்கு முன்னாடியே மண்ணு குழைக்க எழுந்தாத்தான் கணக்கு வரும், அதனால காஞ்ச கல்லைப் புரட்டிப் போடறதுக்கு எட்டு வயசுப் புள்ளையும் வேணும். சீசன் முடிஞ்சு பார்த்தா இன்னும் பத்தாயிரம் பாக்கின்னு சொல்வாங்க, அடுத்த வருஷமும் அங்கதான் போகணும். வேற எடத்துல கூலி அதிகமா குடுத்தாலும் போக முடியாது. ஊர்ல கூலி ஏறினாலும் இவங்களுக்கு ஏறாம இருக்கறதுக்கு இதுதான் காரணம்.

1976லயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தாச்சு. அடிச்சு பூட்டி வெச்சாத்தான் கொத்தடிமைன்னு பலரும் நினைக்கறாங்க, அப்படி இல்ல. முன்பணத்துக்காக குறைஞ்ச கூலிக்கு வேலை வாங்கி வேற வேலைக்குப் போக விடலைன்னாலே அது கொத்தடிமைதான். கோட்டாட்சியர் விசாரிச்சு விடுதலைச் சான்றிதழ் குடுத்தா அந்தக் கடன் சட்டப்படி செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதே இல்ல. உடனடி உதவியா 30,000 ரூபா வரை இருக்கு, அப்புறம் மறுவாழ்வுக்கு தனியா தொகை இருக்கு. நீங்க வருகைப் பதிவேட்டை வெச்சு எந்தெந்தப் புள்ளை எந்த மாசம் வரலைன்னு எழுதி ஹெச்.எம். மூலமா கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்புங்க, அது ரொம்ப பலமான ஆவணம். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, விடுதலை ஆகி வந்த குடும்பத்துக்கு மனைப்பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு கிடைக்கற வரைக்கும் யாராவது கூட நிக்கணும். இல்லாட்டி அடுத்த ஐப்பசில மழை வந்ததும் அதே மேஸ்திரி வாசல்ல வந்து நிப்பார்.

கேள்வி: அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணினோம். இன்சூரன்ஸ் கார்டுல ஆஸ்பத்திரி பில் முழுக்க போயிடுச்சு. அப்படியும் ரெண்டு மாட்டை வித்து, அரை ஏக்கரை ஒத்திக்கு விட்டுட்டோம். எப்படின்னே புரியல. – ஒரு வாசகர், தஞ்சாவூர் பக்கம்

பதில்: நீங்க எழுதின கணக்குலயே புரியுது தம்பி. கார்டு வர்றதுக்கு முன்னாடி பார்த்த ரெண்டு தனியார் டாக்டர், ஸ்கேன், வெளிய எழுதிக் குடுத்த மருந்து, கூட இருந்த உங்களுக்கு 40 நாள் கூலி போனது, அம்மாவுக்கும் போனது, கார் வாடகை. ஆபரேஷன் இலவசம்தான், அதைச் சுத்தி இருக்கறது எதுவும் இலவசம் இல்ல. நாடு முழுக்க மருத்துவத்துக்கு ஆகற மொத்தச் செலவுல 39.4 சதவீதம் ஜனங்க சொந்தக் கைலேருந்து போடறதுன்னு 2021-22 அரசுக் கணக்கு சொல்லுது. 2013-14ல 64 இருந்துச்சு, குறைஞ்சிருக்கு, ஆனா இன்னும் ஒரு வியாதி ஒரு குடும்பத்தைக் கவுத்துடற அளவுக்கு இருக்கு. அனிருத் கிருஷ்ணாங்கற பேராசிரியர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரான்னு கிராமம் கிராமமா போய் யார் எப்ப ஏழையானாங்கன்னு கேட்டு எழுதினார், நல்லா இருந்து நொடிச்சுப் போன வீடுகள்ல பெரும்பாலும் மொதக் காரணமா வந்தது வைத்தியச் செலவுதான். ஒத்திக்கு விட்ட நிலத்தை மீட்க கூட்டுறவு சங்கத்துல கேட்டுப் பாருங்க, தனியார்கிட்ட வட்டிக்கு வாங்கி மட்டும் மீட்டுடாதீங்க.

கேள்வி: நாலு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனில குழுக் கடன் வாங்கியிருக்கேன். மாசத் தவணை 2,100, 1,850, 2,400, 1,650. வீட்டு வருமானமே 12,000தான். ஒரு தவணை தவறினா ராத்திரி எட்டு மணி வரைக்கும் வாசல்ல உக்காந்துடறாங்க, குழுவுல மத்தவங்களும் திட்டறாங்க. சாகலாம்னு இருக்கு. – ஒரு வாசகி, கடலூர்

பதில்: தங்கச்சி, மொதல்ல கடைசி வரிக்கு பதில் சொல்றேன். இந்தக் கடன் எதுவும் உங்க உசுருக்கு ஈடு கிடையாது. ரொம்ப பாரமா இருந்தா 104க்கு போன் பண்ணி பேசுங்க, இன்னிக்கே பண்ணுங்க, நம்பிக்கையான ஒருத்தரை வீட்டுல கூட வெச்சுக்குங்க.

இப்ப கணக்கு. நாலு தவணையும் சேர்ந்தா 8,000, உங்க வருமானத்துல மூணுல ரெண்டு பங்கு. ரிசர்வ் பேங்க் 2022 ஏப்ரல்லேருந்து ஒரு விதி வெச்சிருக்கு, ஒரு குடும்பம் கட்டற மொத்தத் தவணை மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 6,000. மூணாவது கம்பெனி குடுக்கறப்பவே 6,350 ஆயிடுச்சு. அதாவது வருமானத்தை சரியா விசாரிச்சிருந்தா மூணாவதும் நாலாவதும் குடுத்திருக்கவே கூடாது. மூணாவதை எதுக்கு வாங்கினீங்கன்னு எழுதல, அனேகமா மொத ரெண்டை அடைக்கத்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் ஆகுது, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்காக உங்களைக் கூப்பிடக் கூடாது. மிரட்டறது, கேவலமா பேசறது, சொந்தக்காரங்களுக்கு போன் போடறது எல்லாமே தப்பு. தமிழ்நாடு அரசும் 2025ல கட்டாய வசூலுக்கு எதிரா தனிச் சட்டம் கொண்டு வந்திருக்கு, ஜெயில் தண்டனை வரைக்கும் இருக்கு. யார் எத்தனை மணிக்கு வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க, முடிஞ்சா போன்ல பதிவு பண்ணுங்க. நாலு கம்பெனிக்கும் தவணையைக் குறைச்சு காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்துல மனு குடுங்க, வாங்கிக்கிட்டதுக்கு நகல்ல கையெழுத்து வாங்குங்க. 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளருக்கு புகார் போடலாம், எப்படின்னு தெரிஞ்சுக்க 14448க்கு கூப்பிட்டா தமிழ்லயே சொல்வாங்க. அதுக்குள்ள வீட்டுல வந்து மிரட்டினா காத்திருக்காதீங்க, நேரா போலீஸ் ஸ்டேஷன் போயிடுங்க. தனியா போக வேணாம், குழுவுல உங்களைத் திட்டறாங்களே அவங்க வீட்டுலயும் இதே நாலு கார்டுதான் இருக்கும், ரெண்டு பேரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க.